சட்டம் தராத தண்டனை: அந்தமான் தீவுகளில் மேல்முறையீட்டின் வரலாறு

நீதிமன்றம் விதிக்கும் ஒவ்வொரு தண்டனைக்கும் பின்னால் ஒரு சட்டப் பிரிவு இருந்தாக வேண்டும் என்பதும், அந்தப் பிரிவு அனுமதிக்கும் வகையிலும் அளவிலும் மட்டுமே தண்டனை செல்லும் என்பதும் குற்றவியல் நீதியின் அடிப்படை விதிகள். ஒருவர் குற்றவாளி என்பது ஐயமின்றி நிரூபிக்கப்பட்ட வழக்கிலும், சட்டத்தில் இல்லாத தண்டனையை விதிக்கும் அதிகாரம் எந்த நீதிபதிக்கும் கிடையாது. எனவே குற்றத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டு தண்டனையை மட்டும் எதிர்த்து மேல்முறையீடு செய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. தண்டனை மிகக் கடுமையானது என்று வாதிடுவது ஒன்று. இத்தகைய தண்டனையை விதிக்கச் சட்டத்தில் இடமே இல்லை என்று வாதிடுவது மற்றொன்று. முதலாவது நீதிபதியின் மதிப்பீட்டைக் கேள்வி கேட்கிறது. இரண்டாவது அவருடைய அதிகாரத்தையே கேள்வி கேட்கிறது. இந்த இரண்டாவது கேள்வி இந்திய வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த இடங்களுள் அந்தமான் முதன்மையானது.

போர்ட் பிளேயருக்கு மேற்கே, தெற்கு அந்தமானில் அமைந்திருக்கும் சௌல்தாரியும் அதைச் சூழ்ந்த ஊர்களும் ஒரு காலத்தில் போர்ட் பிளேயர் தண்டனைக் குடியேற்றத்தின் பரப்புக்குள் இருந்தவை. தண்டனைக் குடியேற்றம் என்பது தீவாந்தரத் தண்டனை பெற்றவர்களைக் கடல் கடத்திக் கொண்டுவந்து, காடு வெட்டவும் சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் வைத்து, நீண்ட காலத்துக்குப் பின் அங்கேயே குடியமர்த்திய ஏற்பாடு. தண்டனையைக் கொண்டே உருவாக்கப்பட்ட அந்த நிலத்தில், தண்டனைக்குரிய அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் தெளிவான விடை இருக்கவில்லை.

1858: முறையீட்டுக்கு இடமில்லாத தூக்கு

1857 கிளர்ச்சிக்குப் பின் அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் அமைக்கும் பொறுப்பு, ஆக்ரா சிறையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1858 மார்ச் 10ஆம் நாள் 200 கைதிகளுடன் வந்திறங்கிய அவர், முதலில் சாத்தம் தீவிலும் பின்னர் ராஸ் தீவிலும் காடு திருத்தத் தொடங்கினார். உணவும் இருப்பிடமும் போதாத நிலையில், காய்ச்சலும் கடும் உழைப்பும் வாட்ட, நிலவழியே பர்மாவுக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கையில் கைதிகள் கூட்டங்கூட்டமாகத் தப்பியோடினர். அவர்களுள் பலர் காட்டில் பசியாலும், தங்கள் நிலத்தில் அந்நியரை விரும்பாத அந்தமான் பழங்குடியினரின் அம்புகளாலும் மாண்டனர்; எஞ்சியவர்களில் பலர் வேறு வழியின்றித் திரும்பி வந்தனர் அல்லது பிடிபட்டனர்.

அவ்வாறு பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை வாக்கர் தூக்கிலிட்டார். 1858 ஜூன் நடுப்பகுதி வரையான கணக்கின்படி, அதுவரை கொண்டுவரப்பட்ட 773 கைதிகளில் 64 பேர் மருத்துவமனையில் இறந்திருந்தனர், 140 பேர் தப்பித் திரும்பாமல் போயிருந்தனர், 87 பேர் தூக்கிலிடப்பட்டிருந்தனர். நோயால் இறந்தோரைவிடத் தூக்குமேடையில் இறந்தோர் அதிகம் என்பதை அந்த வரிசையே காட்டுகிறது.

இந்தத் தூக்குகளின் சட்டப் பின்னணியைப் புரிந்துகொள்ள 1857ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டங்களைப் பார்க்க வேண்டும். கிளர்ச்சியை அடக்குவதற்காகக் கல்கத்தாவின் சட்டமன்றம் அவ்வாண்டு இயற்றிய சட்டங்கள், அரசுக்கு எதிரான குற்றங்களையும் கலகத்தையும் விசாரிக்கத் தனி கமிஷனர்களை நியமிக்கவும், அவர்கள் மரண தண்டனை வரை விதிக்கவும் வழி செய்தன. அவர்களுடைய தீர்ப்பே இறுதி என்பதால், வழக்கமாக மரண தண்டனையை மறுஆய்வு செய்யும் மேல் நீதிமன்றத்துக்கு வழக்கு போகாது. கிளர்ச்சியின் நெருப்பு எரிந்துகொண்டிருந்த காலத்துக்காக எழுதப்பட்ட இந்த அதிகாரத்தின் நிழலில், ஏற்கெனவே தண்டனை பெற்றுத் தீவில் அடைக்கப்பட்டவர்கள் தப்பியோடிய செயலுக்கு உயிரே விலையாக்கப்பட்டது.

செய்தி கல்கத்தாவுக்கு எட்டியபோது அரசு இதை ஏற்கவில்லை. தப்பியோடியதற்காகக் கைதிகளைத் தூக்கிலிடுவதை நிறுத்துமாறு வாக்கருக்கு ஆணை சென்றது. ஆனால் அந்த ஆணை மேலதிகாரி ஒருவர் கீழதிகாரிக்கு எழுதிய கண்டனமாகவே இருந்தது. பாதிக்கப்பட்டவர் எவரும் தொடுத்த முறையீட்டின் மீது நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாக அது இருக்கவில்லை. தூக்கிலிடப்பட்டவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் விளையவில்லை. மேல்முறையீட்டின் முழு மதிப்பும் தண்டனை நிறைவேறுவதற்கு முன் அது கிடைப்பதில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று அந்தமான் வரலாற்றில் இல்லை.

1872: கடல் கடந்து சென்ற வழக்குக் கட்டு

1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், எந்தக் குற்றத்துக்கு எந்தத் தண்டனை என்பதை ஒரே நூலில் வரையறுத்தது. அதன் 53ஆம் பிரிவு அச்சட்டத்தின் கீழ் விதிக்கத்தக்க தண்டனைகளின் வகைகளைப் பட்டியலிட்டது. காவலிலிருந்து தப்புவதும், தீவாந்தரத்திலிருந்து அனுமதியின்றித் திரும்புவதும் தனித்தனிக் குற்றங்களாக வரையறுக்கப்பட்டன. இவற்றுள் எதற்கும் மரண தண்டனை வைக்கப்படவில்லை. வாக்கர் செய்ததைச் செய்ய இனி எந்த அதிகாரிக்கும் சட்டத்தில் இடமில்லை என்றாயிற்று.

இதன் விளைவு 1872இல் நடந்த மிகக் கடினமான சோதனையின்போது தெரிந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அந்தமானுக்கு வந்திருந்த வைஸ்ராய் மேயோ பிரபு, ஹோப் டவுன் படகுத்துறையில் ஷேர் அலி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். ஷேர் அலி ஏற்கெனவே 1867இல் பெஷாவரில் மரண தண்டனை பெற்று, முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டதால் தீவுக்கு அனுப்பப்பட்டவர். நாட்டின் மிக உயர்ந்த ஆட்சியாளர் கொல்லப்பட்டிருந்தார். கொன்றவர் கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தார். குடியேற்றத்தின் தலைவரான ஜெனரல் டொனால்டு ஸ்டூவர்ட் விரைவிலேயே விசாரணையை முடித்து மரண தண்டனை விதித்தார். ஆயினும் அந்தத் தண்டனை உடனே நிறைவேற்றப்படவில்லை. உறுதிப்படுத்தலுக்காக, அதாவது அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் ஆய்ந்து ஒப்புதல் தந்த பிறகே நிறைவேற்ற முடியும் என்ற விதிக்கு ஏற்ப, வழக்குக் கட்டு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. பிப்ரவரி 20ஆம் நாள் உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்திய பின்னரே, மார்ச் 11ஆம் நாள் வைப்பர் தீவில் ஷேர் அலி தூக்கிலிடப்பட்டார்.

1858க்கும் 1872க்கும் இடையில் ஆட்சியாளர்களின் இரக்கம் பெருகிவிட்டதாகக் கருத எந்தக் காரணமும் இல்லை. முன்பு தப்பியோடிய ஏழைக் கைதிக்குக் கிடைக்காத ஒரு மறுஆய்வு, பின்னர் வைஸ்ராயைக் கொன்றவருக்கும் கிடைத்ததற்கு எழுதப்பட்ட நடைமுறை ஒன்றே காரணம். நீதிமன்றத்தின் மேல் மற்றொரு நீதிமன்றம் என்ற ஏற்பாடு, எவர் மீதும் அன்பு இல்லாத இடத்திலும் வேலை செய்யும் என்பதை அந்த வழக்கு நிறுவியது.

நீதிபதியால் தர முடியாததைத் தந்த சிறை

ஆனால் தண்டனையின் எல்லைகள் நீதிமன்றத்தில் மட்டும் மீறப்படுவதில்லை. 1876ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அந்தமான், நிக்கோபார் தீவுகளின் தலைமை ஆணையரே குடியேற்றத்தின் கண்காணிப்பாளராகவும், தீவுகளின் மேல்நிலை நீதிமன்றமாகவும் விளங்கினார். கைதிகளை ஆளும் நிர்வாகமும் அந்த நிர்வாகத்தின் கீழ் எழும் வழக்குகளில் முறையீட்டைக் கேட்கும் அதிகாரமும் ஒரே இடத்தில் குவிந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயுள் கைதி ஒருவர் கடக்க வேண்டியிருந்த படிகள் வருமாறு வகுக்கப்பட்டிருந்தன: முதல் ஆறு மாதம் செல்லுலர் சிறையில் தனி அறை, அடுத்து ஒன்றரை ஆண்டு மற்றவர்களோடு சேர்ந்து உழைக்கும் சிறை வாழ்வு, பின்னர் மூன்று ஆண்டு கடும் உழைப்பு, அதன்பின் ஐந்து ஆண்டு சிறு சலுகைகளுடன் கூடிய உழைப்பு, பத்து ஆண்டு முடிந்ததும் அனுமதிச் சீட்டு பெற்று, சிற்றூர்களில் தாமே பயிரிட்டுப் பிழைக்கும் உரிமை. இவ்வாறு சீட்டுப் பெற்றவர் நிலத்தை உழலாம், குடும்பம் நடத்தலாம். ஆனால் அனுமதியின்றிக் குடியேற்றத்தை விட்டு நீங்க முடியாது. சாதாரணச் சட்டத்தின் கீழ் குடிமகனுக்குரிய உரிமைகள் அவருக்கு இல்லை. அவருடைய வாழ்வின் பெரும்பாலான முடிவுகள் நிர்வாகத்தின் கையில் இருந்தன.

இந்தப் படிகளில் முதலாவதைத் தண்டனைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு முரண் வெளிப்படும். தண்டனைச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி, தனிமைச் சிறையை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உரியது. அதுவும் மொத்தத்தில் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. 74ஆம் பிரிவு அதை ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் நீட்டக் கூடாது என்றது. செல்லுலர் சிறையிலோ வந்திறங்கிய ஆயுள் கைதிக்கு ஆறு மாதத் தனியறை வாழ்வு நிர்வாக விதியாகவே வந்து சேர்ந்தது. அதைத் தண்டனை என்று சொல்லாமல் ஒழுங்கு என்றும் பிரிவினை என்றும் பெயரிட்டதால், முறையிடுவதற்கு ஒரு தீர்ப்பே இல்லாமல் போயிற்று. செக்காட்டுவதும் விலங்கு பூட்டுவதும் கசையடியும் இவ்வாறே சிறைக் கண்காணிப்பாளரின் ஆணைகளாக நிறைவேறின. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் முப்பது அடி வரை கசையடி கொடுக்க அவருக்கு அதிகாரம் தந்திருந்தது. நீதிமன்றம் தரும் தண்டனை முறையீட்டுக்கு உரியதாகவும், சிறை தரும் தண்டனை முறையீட்டுக்கு அப்பாற்பட்டதாகவும் இருந்த இந்தப் பிளவு சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்தது. 1978இல் சுனில் பத்ரா வழக்கில்தான், நீதிமன்றம் விதிக்காத தனிமைச் சிறையைச் சிறை நிர்வாகம் வேறு பெயரில் விதிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கியது.

1919-20இல் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த குழு, சென்னை மாகாணத்தின் உயர் அதிகாரியான அலெக்சாண்டர் கார்டியூவின் தலைமையில் அந்தமானையும் பார்வையிட்டு, தீவாந்தரத் தண்டனை முறையைக் கைவிடப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை முழுமையாக நிறைவேறவில்லை. 1930களில் அரசியல் கைதிகள் மீண்டும் செல்லுலர் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

தூத்துக்குடியும் டெல்லியும்

அந்தமானுக்கு அனுப்பும் தண்டனையை மேல்முறையீடு எந்த அளவு மாற்ற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் அறியப்பட்ட சான்று வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வழக்கு. 1908 ஜூலை 7ஆம் நாள் திருநெல்வேலிக் கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே, அரச நிந்தனைக்காக ஓர் ஆயுள் தீவாந்தரமும், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக மற்றோர் ஆயுள் தீவாந்தரமும் அவருக்கு விதித்தார். சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் மேல்முறையீட்டைக் கேட்டுத் தண்டனையை ஆறு ஆண்டாகக் குறைத்தது; அவர் கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் தண்டனை அனுபவித்து 1912 டிசம்பரில் விடுதலையானார். 124ஏ பிரிவு ஆயுள் தீவாந்தரத்தை அனுமதித்ததால், பின்ஹேயின் தண்டனை சட்டத்தின் எல்லைக்குள்தான் இருந்தது. அங்கே உயர் நீதிமன்றம் திருத்தியது அளவை. அதிகாரத்தை அது கேள்விக்குள்ளாக்கவில்லை.

அதிகாரமே கேள்விக்குள்ளான பெரிய வழக்கு 1943இல் வந்தது. 1942 ஜனவரியில் அரசப் பிரதிநிதி பிறப்பித்த தனிக் குற்றவியல் நீதிமன்றங்கள் அவசரச் சட்டம், எந்த வழக்கை எந்தத் தனி நீதிமன்றத்துக்கு அனுப்புவது என்பதை நிர்வாகத்தின் விருப்பத்துக்கே விட்டதோடு, வழக்கமான மேல்முறையீட்டையும் மறுஆய்வையும் அடைத்தது. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது பல பகுதிகளில் அச்சட்டத்தின் கீழ் தண்டனைகள் விதிக்கப்பட்டன. பனாரி லால் சர்மா வழக்கில், அப்போது தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்த எஸ். வரதாச்சாரியார் இடம்பெற்ற கூட்டாட்சி நீதிமன்றம் 1943 ஜூன் 4ஆம் நாள், இந்தத் தனி நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தந்த பிரிவுகள் செல்லாது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அரசு உடனே மற்றோர் அவசரச் சட்டம் பிறப்பித்து, அதுவரை விதிக்கப்பட்ட தண்டனைகளை முறையான நீதிமன்றங்கள் விதித்தவை போலக் கருதச் செய்து, அவற்றின் மீது மேல்முறையீட்டுக்கும் இடம் தந்தது. 1944இல் பிரிவி கவுன்சில், அதாவது லண்டனில் இருந்த இறுதி முறையீட்டு அமைப்பு, கூட்டாட்சி நீதிமன்றத்தின் முடிவை மாற்றிவிட்டது. ஆயினும் இடையில் திறந்த அந்த மேல்முறையீட்டு வாயில், இந்திய நீதிபதிகள் அதிகாரத்தின் மூலத்தைத் துணிந்து கேட்டதால் திறந்தது.

அதே ஆண்டுகளில் அந்தமானில் எந்த வாயிலும் திறந்திருக்கவில்லை. 1942 மார்ச் முதல் 1945 வரை தீவுகளை வைத்திருந்த ஜப்பானியப் படை, உளவுக் குற்றம் சாட்டி மக்களைச் சித்திரவதை செய்தது. 1944 ஜனவரி 30ஆம் நாள், தெற்கு அந்தமானின் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றது. குற்றப்பத்திரிகை, பதிவேடு, முறையீடு எதுவும் இல்லாத அந்தக் கொலைகளின் முன், 1872இல் கடல் கடந்து சென்ற வழக்குக் கட்டின் அருமை இன்னும் தெளிவாகிறது.

தீவு இல்லாத தீவாந்தரம்

இந்தியச் சட்டத்தில் அந்தமான் விட்டுச் சென்ற மிக நீண்ட தடம் கிஷோரி லால் வழக்கு. 1930 அக்டோபரில் லாகூர் சதி வழக்கில், மேல்முறையீடு இல்லாத சிறப்புத் தீர்ப்பாயத்தால் ஆயுள் தீவாந்தரம் விதிக்கப்பட்ட கிஷோரி லால் தீவுக்கு அனுப்பப்படாமல் இந்தியச் சிறையிலேயே அடைக்கப்பட்டிருந்தார். தம்மைத் தொடர்ந்து சிறையில் வைத்திருப்பது சட்டப்படி செல்லாது என்று அவர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கு 1944இல் பிரிவி கவுன்சிலை எட்டியது. கடலுக்கு அப்பால் அனுப்புமாறு சொல்லும் தண்டனையை, ஒரு நாளும் கடல் கடக்காமல் கடுங்காவலாக நிறைவேற்ற எந்தச் சட்டம் அனுமதிக்கிறது என்பது அதன் மையக் கேள்வி.

விடை இரண்டு பிரிவுகளில் தேடப்பட்டது. தண்டனைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, தீவாந்தரத் தண்டனை பெற்றவர் கப்பலேற்றப்படும் வரை கடுங்காவல் கைதியைப் போல நடத்தப்பட வேண்டும் என்றும், அந்தக் காலமும் தண்டனைக் காலமாகக் கணக்கிடப்படும் என்றும் கூறியது. 1900ஆம் ஆண்டின் கைதிகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு, அத்தகைய கைதிகளை அனுப்புவதற்குரிய இடங்களை அரசே குறிக்கலாம் என்றது. இவற்றைச் சேர்த்துப் படித்த பிரிவி கவுன்சில், தீவாந்தரம் என்பது நடைமுறையில் ஆயுள் சிறைக்கு வழங்கும் பெயராகிவிட்டது என்றும், அதை இந்தியச் சிறையிலும் நிறைவேற்றலாம் என்றும் முடிவு செய்தது. அனுப்பும் வரையிலான இடைக்கால ஏற்பாடாக எழுதப்பட்ட ஒரு விதி, இவ்வாறு வாழ்நாள் முழுவதற்குமான ஏற்பாடாக நிலைபெற்றது. மேல்முறையீட்டு மன்றம் அதிகாரக் குறைவைச் சுட்டிக்காட்டுவதற்குப் பதிலாக, நெடுநாள் வழக்கத்தைக் கொண்டு அதை நிரப்பவும் கூடும் என்பதற்கு இத்தீர்ப்பு எடுத்துக்காட்டு.

1955ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், 1956 ஜனவரி 1 முதல் தீவாந்தரம் என்ற தண்டனையை நீக்கி ஆயுள் சிறையை வைத்தது. 1961இல் கோபால் விநாயக் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் கிஷோரி லால் தீர்ப்பைப் பின்பற்றி, ஆயுள் தண்டனை என்பது கைதியின் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் குறிக்கும் என்றது. 1983இல் நாயப் சிங் வழக்கில், ஆயுள் சிறை கடுங்காவலா என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லாததை எதிர்த்த வாதமும் அதே தீர்ப்பின் துணையால் தள்ளப்பட்டது. அதே 1983இல் மற்றொரு பக்கத்தில், ஆயுள் கைதி கொலை செய்தால் மரணம் தவிர வேறு தண்டனையே இல்லை என்ற 303ஆம் பிரிவை மித்து வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. சட்டத்தில் எழுதப்பட்டிருந்தாலும், நீதிபதியின் பகுத்தறிவுக்கு இடமளிக்காத தண்டனை அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாது என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டு வழக்குகளில் இன்றைய கேள்வி

பழைய கேள்வி அண்மைக் காலத்தில் இரண்டு தமிழ்நாட்டு வழக்குகளில் மீண்டும் எழுந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளின் விடுதலையிலிருந்து தோன்றிய ஸ்ரீஹரன் வழக்கில், 2015 டிசம்பர் 2ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு, மரணத்துக்கும் சாதாரண ஆயுள் தண்டனைக்கும் இடைப்பட்டதாக, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள் சிறையை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் விதிக்கலாம் என்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் ஏற்றது. விசாரணை நீதிமன்றங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றும் கூறியது. மாறுபட்ட நீதிபதிகளான யு. யு. லலித்தும் ஏ. எம். சாப்ரேயும், சட்டம் வகுக்காத ஒரு தண்டனையை நீதிமன்றம் உருவாக்க முடியாது என்றனர். அடுத்த ஆண்டு ஜூலையில் முத்துராமலிங்கம் வழக்கில், ஒருவருக்கு விதிக்கப்பட்ட பல ஆயுள் தண்டனைகளை ஒன்று முடிந்த பின் மற்றொன்று என்று அடுக்க முடியாது என்று மற்றோர் அரசியல் சாசன அமர்வு தீர்மானித்தது. மனிதனுக்கு ஒரே வாழ்நாள்தான் என்பதால், அந்த அடுக்குக்குச் சட்டத்தில் பொருளே இல்லை.

சௌல்தாரியில் வாழும் ஒருவருக்கு இன்று தெற்கு அந்தமானின் நீதிமன்றம் தண்டனை விதித்தால், அவர் கல்கத்தா உயர் நீதிமன்றத்தை, போர்ட் பிளேயரிலேயே கூடும் அதன் சுற்று அமர்வின் வழியாக அணுகலாம். 1953ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உயர் நீதிமன்றத்தின் அதிகார எல்லையை 1950 மே 2 முதல் தீவுகளுக்கு விரித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சிறையில் இருப்பவர் தம் மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம் என்றும், அதை அவர் உரிய நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் விதிக்கிறது. 1858இன் கைதிகளுக்கு இல்லாத வழி இது.

ஆனால் வழி இருப்பதும் அதில் சரியான கேள்வி கேட்கப்படுவதும் வேறு வேறு. தண்டனையை எதிர்க்கும் மனுக்கள் பெரும்பாலும் இரக்கத்தைக் கோருகின்றன. வயது, குடும்பம், வறுமை ஆகியவற்றைச் சொல்லி அளவைக் குறைக்கக் கேட்கின்றன. அவை தேவையானவையே. எனினும் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டியது, விதிக்கப்பட்ட ஒவ்வொரு தண்டனைக்கும் தீர்ப்பில் பிரிவு காட்டப்பட்டிருக்கிறதா, அந்தப் பிரிவு குற்றம் நடந்த நாளில் நடைமுறையில் இருந்ததா, அந்த அளவு வரை விதிக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பவற்றைத்தான். குற்றம் நடந்தபோது இருந்த சட்டம் அனுமதித்ததைவிடக் கூடுதல் தண்டனை கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20ஆம் பிரிவு உறுதியளிக்கிறது. அதிகாரமற்ற தண்டனையை நீக்குவது சலுகை ஆகாது. கேட்பவருக்குரிய உரிமை அது. நெடுநாள் வழக்கம் என்ற பெயரில் நீதிமன்றங்கள் அந்தக் குறைவை நிரப்புவதற்கு முன்னரே, முதல் மேல்முறையீட்டிலேயே அது எழுப்பப்பட வேண்டும் என்பதுதான் அந்தமானின் ஒன்றரை நூற்றாண்டு அனுபவம் வழக்கறிஞர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சொல்லும் பாடம்.